நாரை வண்டியும் சவப்பெட்டிக் கடையும்

நீதிமன்றக் கடிதம் வந்தபோது ஜுரேமா ஒரு டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு பூட்ஸ் கால்கள்தான். தபால்காரர் குனிந்து அந்தக் கால்களிடமே பேசினார்.

"தோனா ஜுரேமா, ஒரு கையெழுத்து வேணும்மா."

"யாரு அனுப்பினது?"

"பெத்ரா தோர்த்தா கோர்ட்டு."

"அப்படி ஒரு ஊரா? எங்க இருக்கு?"

"மினாஸ் மலைப்பக்கம்னு போட்டிருக்கு. உங்க மேல கேஸ் போல. நான் பிரிச்சுப் பாக்கல, உறை மேலயே இருக்கு."

ஜுரேமா உருண்டு வெளியே வந்து, கிரீஸ் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தாள். வழக்குப் போட்டவர் பெலர்மீனோ, சவப்பெட்டி வியாபாரி. அவர் கடைக்குள் புத்தம்புதுக் கார் ஒன்று புகுந்து ஒன்பது பெட்டிகளை நொறுக்கிவிட்டதாம். அதைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யார் யார் மேல் வழக்கு என்று பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. முதல் பெயர் லின்டொமார், லாரி ஓட்டியவன். இரண்டாவது பெயர் அவளுடையது, டிரெய்லரைச் செய்து வாடகைக்குக் கொடுத்தவள் என்ற முறையில்.

லின்டொமார் பதினாறு வருஷம் அவளுக்குக் கணவனாக இருந்தவன். விவாகரத்தாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வீட்டை விட்டுப் போனவன் பட்டறையை விட்டுப் போகவில்லை. சாவோ பெர்னார்டோவில் கார் தொழிற்சாலைகளின் பின்வாசலுக்கு எதிரே இருக்கும் அந்தப் பட்டறையில், புதுக் கார்களை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற இரண்டடுக்கு டிரெய்லர்களை ஜுரேமா செய்கிறாள். சிலவற்றை விற்கிறாள், சிலவற்றை வாடகைக்கு விடுகிறாள். அவள் டிரெய்லரைப் போல லேசாகப் பின்னால் வரும் வண்டி வேறு இல்லை என்று அவன் எல்லோரிடமும் சொல்வான். அவனைப் போல ஒரு கீறல் விழாமல் காரை ஏற்றி இறக்கும் ஆள் வேறு இல்லை என்று அவளும் எல்லோரிடமும் சொல்வாள். ஒருவரிடம் ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வண்டிகளுக்கு அங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் நாரை. பச்சைக் குழந்தையை அலகில் தூக்கி வந்து வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகுமே, அந்த நாரை. லின்டொமார் இந்த முறை குழந்தையைச் சவப்பெட்டிக் கடையில் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

அவள் போன் போட்டாள். அவன் ஏதோ ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் இருந்தான். தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"லின்டொ, போன மாசம் வண்டியக் கொண்டாந்து விட்டப்ப என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"சின்ன உரசல்னு சொன்ன."

"ஆமா."

"கார் போய்ச் சவப்பெட்டிக் கடைக்குள்ள ஏறுறதுக்குப் பேரு உரசலா?"

கரண்டிச் சத்தம் நின்றது.

"உரசல் உன் டிரெய்லருக்கு, ஜுரே. கடைக்கு என்ன ஆச்சுன்னு நீ கேக்கவே இல்லையே."

"விளையாடாத. எப்படி நடந்துச்சு?"

"மேல்தட்டு தானா இறங்கிடுச்சு. நான் லீவரத் தொடவே இல்ல."

"என் தட்டு தானா இறங்காது."

"இறங்குச்சே! கண்ணால பாத்தேன். ஏதோ தாய்ப்பன்னி குட்டிக்குப் பால் குடுக்கப் படுக்குற மாதிரி மெதுவாப் படுத்துச்சு. கார் அது மேல சறுக்கிட்டு ரோட்டுல எறங்கி, பின்னாலயே போயிடுச்சு."

"நீ லீவரத் தொட்டிருப்ப."

"தொடலன்னு சொல்றேன்ல?"

"பதினாறு வருஷமா நீ எதைத்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்ட?" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த டிரெய்லரையே வரவழைத்து, முற்றத்தில் நிறுத்தி, மேல்தட்டை ஏற்றிப் பார்த்தாள். தட்டு மேலே போய் நின்றதும் இரண்டு பக்கமும் இருக்கும் இரும்புக் கொக்கிகள் தம் எடையாலேயே விழுந்து துளையில் உட்கார வேண்டும். டக், டக். உட்கார்ந்தன. அப்புறம் தட்டைத் தூக்கிய எண்ணெய் அழுத்தம் போனாலும் அது அசையாது. இறக்கி ஏற்றினாள். டக், டக். ஒரு காலை முழுவதும் பட்டறை ஆட்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு அலுத்துப்போனார்கள். வண்டியில் குறையில்லை. குறை ஓட்டியவனிடம்தான். அந்த நிச்சயத்தில் அவளுக்கு ஒரு நிம்மதி, கொஞ்சம் சந்தோஷமும்கூட.

வக்கீல் ஒத்தாவியோ அந்தச் சந்தோஷத்தை இன்னும் வளர்த்தார். இளவயது, தலைமுடி எப்போதும் ஈரமாக வாரியபடி இருக்கும். வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டி ஏழாம் பிரிவில் விரலை வைத்தார்.

"இத பாருங்க. வண்டி கைமாறின நிமிஷத்துலேர்ந்து ஏத்துறது, இறக்குறது, கட்டுறது எல்லாத்துக்கும் ஓட்டுறவர்தான் பொறுப்பு. நீங்க இத மட்டும் சொல்லுங்க. வேற எது கேட்டாலும் என் மூஞ்சியப் பாருங்க."

எல்லாத் தப்பும் லின்டொமாருடையதுதான் என்று ஒரு காகிதமே சொல்லுகிறது! விவாகரத்து நடந்தபோது இப்படி ஒரு பிரிவு கையில் இல்லையே என்று ஜுரேமா நினைத்துக்கொண்டாள்.

விசாரணை நாளன்று காலை அவளும் ஒத்தாவியோவும் பெத்ரா தோர்த்தாவுக்குப் போய் இறங்கினார்கள். ஊர் முழுக்க ஒரு மலையின் முதுகில் தொற்றிக்கொண்டிருந்தது. பிரதானத் தெரு அவ்வளவு செங்குத்து. உச்சியில் கார் ஷோரூம், நடுவில் தேவாலயம், அடியில் சவப்பெட்டிக் கடை. வக்கீல் நீதிமன்றத்தைத் தேடிப் போக, ஜுரேமா கடையைப் பார்க்கலாம் என்று கீழே இறங்கினாள். கதவு இருந்த இடத்தில் தார்ப்பாய் தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு உருண்டையாக ஒரு மனிதர் வெளியே வந்தார். அவளை ஒரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. மனச விட்றாதீங்க. ஆளு என்ன உசரம்?"

"யாரு?"

"போனவரு."

"யாரும் போகலைங்க. நான் ஜுரேமா. டிரெய்லர் குடுத்தவ."

"அட, நீங்களா!" பெலர்மீனோவின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் தாடி வச்ச தடியன் ஒருத்தன் வருவான்னு நெனச்சிட்டிருந்தேன். உள்ள வாங்க, காபி போட்டிருக்கேன். சண்டைய கோர்ட்டுல வச்சுக்கலாம்."

சுடச்சுட சீஸ் உருண்டைகளும் காபியும் வந்தன. அவர் நடந்ததை ரசித்துச் சொன்னார். அன்றைக்கு அவர் எதிர்க்கடையில் இதே சீஸ் உருண்டைதான் வாங்கிக்கொண்டிருந்தாராம். மேலேயிருந்து ஒரு வெள்ளைக் கார் பின்புறமாக வந்தது. உள்ளே ஆளே இல்லை. விருந்தாளி மாதிரி நேராக வாசலைப் பார்த்து வந்து நுழைந்தது.

"முப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன். உயிரோட இருக்குறவங்க யாரும் என் கடைக்கு இவ்வளவு அவசரமா வந்ததில்ல. அதுல பாருங்க, கிரீனோ அண்ணன் தனக்குன்னு அளவு குடுத்துச் செஞ்ச பெட்டியும் போச்சு. வாரா வாரம் வந்து அதுல கொஞ்ச நேரம் படுத்துப் பாப்பாரு, தோள்பட்டை இடிக்குதா இல்லையான்னு. நல்லவேளை, அன்னிக்கு வரல."

ஜுரேமா சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு சுவர் ஓரமாக இருந்த ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே தரையில் நான்கு பள்ளங்கள் மட்டும் இருந்தன.

"அங்க ஒரு நாற்காலி இருந்துச்சு. என் சம்சாரம் காலைலேர்ந்து மதியம் வரைக்கும் அதுலதான் உக்காந்து துணி தைப்பா, பெட்டிக்குள்ள விரிக்கிற துணி. அன்னிக்குப் பல்வலின்னு டாக்டர்கிட்ட போயிருந்தா." காபிக் கோப்பையை அவர் கீழே வைத்தார். "பல்லப் புடுங்கிட்டாங்க. நான் அந்தப் பல்லப் பத்திரமா வச்சிருக்கேன். கிறுக்குன்னு சொல்றா."

ஜுரேமா கடித்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

நீதிமன்றம் பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. நீதிபதி எலொயீசா உயரமான பெண்மணி. மண் ஒட்டிய காலணியோடு வந்து உட்கார்ந்தார். ஒத்தாவியோ அந்தக் காலணியைப் பார்த்து முகம் சுளித்தார். லின்டொமார் இஸ்திரி போட்ட சட்டையில் ஓரமாக உட்கார்ந்திருந்தான். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்தது ஜுரேமாதான், அவர்கள் சேர்ந்திருந்த காலத்தில். அதை அவன் வேண்டுமென்றே போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

கார் யாருடையது என்ற கேள்வி வந்தது. சாவி கைக்கு வரும்வரை கார் என்னுடையதில்லை என்று ஷோரூம்காரர் முன்பே கழன்றுகொண்டிருந்தார். காருக்குக் காப்பீடு இருந்தது, கடைக்கு இல்லை. மிச்சம் இருந்தது இவர்கள் இருவர்தான்.

"தட்டு தானா இறங்குச்சு மேடம்," என்றான் லின்டொமார். "குறை வண்டிலதான்."

"தட்டு தானா இறங்காது," என்றாள் ஜுரேமா. "குறை ஆள்கிட்ட."

ஒத்தாவியோ எழுந்து ஏழாம் பிரிவை ராகம் போட்டுப் படித்தார். நீதிபதி முழுவதும் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இதுல கையெழுத்துப் போட்டது யாரு யாரு?"

"என் கட்சிக்காரரும் ஓட்டுநரும்."

"பெலர்மீனோ போட்டாரா?"

"இல்ல."

"அப்ப இது உங்க ரெண்டு பேருக்குள்ள. பெட்டிக்காரருக்கு இதுல என்ன? கார் உள்ள வரும்போது ஏழாம் பிரிவு எங்க போச்சு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி எழுந்தார்.

"ஒருத்தர் இறங்குச்சுன்றார், ஒருத்தர் இறங்காதுன்றார். தெரு பக்கத்துலதான இருக்கு? நான் கேட்ட மாதிரி அந்த டிரெய்லரையும் லின்டொமார் கொண்டு வந்திருக்கார். வாங்க, பாத்துருவோம்."

அந்தக் காலணி எதற்கென்று ஒத்தாவியோவுக்கு அப்போதுதான் விளங்கியது.

செய்தி அவர்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. சலூன்காரர் பாதி மழித்த ஆளோடு வாசலுக்கு வந்தார். ஜன்னல்களில் தலையணை போட்டுக்கொண்டு கையூன்றி நின்றார்கள். லின்டொமார் அன்று நிறுத்திய அதே இடத்தில், மூக்கு மேலே பார்க்க, வால் கீழே பார்க்க, நாரையை நிறுத்தினான். ஷோரூமிலிருந்து ஒரு பழைய காரை மேல்தட்டில் ஏற்றி, நான்கு சக்கரங்களுக்கும் பெல்ட் போட்டு இறுக்கினான். கீழே தெருவில் யாரும் நிற்கக் கூடாது என்று போலீஸ்காரர் ஒருவர் கயிறு கட்டினார். பெலர்மீனோ தன் சம்சாரத்தைக் கையோடு மேலே கூட்டி வந்து, நாரைக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் நிறுத்திக்கொண்டார்.

தட்டு ஏறி நின்றது. டக்.

ஜுரேமா காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு டக்தான் கேட்டது. ஊர்க்காரர்கள் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று அந்தச் சத்தத்தில் அமுங்கியிருக்கலாம். தட்டு அசையாமல் நின்றது.

"உறுதியாத்தான இருக்கு," என்றார் நீதிபதி. "தோனா ஜுரேமா, நீங்க போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இடப்பக்கக் கொக்கி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அவள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். அது சாக்கடை ஓரம். தெரு பின்பக்கம் சரிந்ததோடு இந்த ஓரமாகவும் சரிந்திருந்தது. கொக்கி துளைக்குள் விழவில்லை. துளையின் உதட்டில், ஜன்னலில் மோவாயை வைத்து வேடிக்கை பார்க்கும் ஆள் மாதிரி, சாய்ந்து கிடந்தது.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பழைய மாதிரியில் அந்தக் கொக்கியை ஒரு ஸ்பிரிங் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். இந்தப் புது மாதிரியில் ஸ்பிரிங்கை எடுத்தவள் அவள்தான். ஓட்டுநர்கள் விரல் மாட்டிக்கொள்கிறது என்று குறைப்பட்டார்கள். எடையாலேயே விழட்டுமே, எதற்கு ஸ்பிரிங் என்று அவள் முடிவு செய்தாள். சமதரையான அவள் முற்றத்தில் அது ஒரு முறைகூடப் பிசகவில்லை. நாடு முழுவதும் அவள் முற்றமா என்ன?

இந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை. எல்லோரும் டிரெய்லருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், டக்கென்று உட்கார்ந்துவிடும். தட்டு நாள் முழுக்க அசையாது. ஏழாம் பிரிவு, ஒத்தாவியோ, பதினாறு வருஷம், எல்லாம் அவள் பக்கம் வந்துவிடும். கட்டைவிரல் கொக்கிமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போது அவள் நினைத்தது லின்டொமாரை அல்ல. இதே கொக்கியோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாரைகள் இந்த நிமிஷம் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தெந்த ஊரில் எந்தெந்தத் தெரு சரிந்திருக்கிறதோ, அதன் அடியில் யார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. எல்லோருக்கும் அதே நாளில் பல் வலிக்குமா?

விரலை எடுத்துக்கொண்டாள்.

"மேடம், இங்க வாங்க. எல்லாரும் வந்து பாருங்க."

ஒத்தாவியோ ஓடிவந்து காதில் சீறினார். "என் மூஞ்சியப் பாருங்கன்னு சொன்னேன்ல?"

"பாத்துட்டேன் தம்பி. நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவள் கொக்கியைக் காட்டினாள். ஸ்பிரிங்கைப் பற்றிச் சொன்னாள். குறை வண்டியில்தான், செய்தது நான்தான் என்றாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் மெல்ல அழுத்தம் விட்டது. கொக்கி உதட்டிலிருந்து நழுவியது. பாரம் முழுவதும் ஒற்றைப் பக்கம் விழ, இடப்பக்கக் கொக்கியும் கிரீச்சென்று வளைந்து விட்டுக்கொடுத்தது. தட்டு, லின்டொமார் சொன்ன அந்தத் தாய்ப்பன்றியேதான், சாவகாசமாகக் கீழே படுத்தது. ஊர் முழுக்க "ஐயோ" என்றது. கிரீனோ அண்ணன் என்று பிறகு தெரியவந்த ஒரு கிழவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

தட்டின் நுனி தரையைத் தொட்டு நின்றது. கார் போகவில்லை. நான்கு பெல்ட்டுகளில் இறுகி, கழுத்துப்பட்டை போட்ட நாய் மாதிரி, ஒரு முறை குலுங்கிவிட்டு அங்கேயே நின்றது.

எல்லோரும் காரையே பார்த்தார்கள். நீதிபதி மட்டும் லின்டொமாரைப் பார்த்தார்.

"தட்டு இறங்கிடுச்சு. நீங்க சொன்னது உண்மை. ஆனா கார் ஏன் இறங்கல?"

லின்டொமார் தொப்பியைக் கழற்றினான், போட்டுக்கொண்டான், மறுபடி கழற்றினான். ஜுரேமாவை ஒரு பார்வை பார்த்தான். அவள் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லாததுதான் அவனைக் கவிழ்த்துவிட்டது போலிருக்கிறது.

"அன்னிக்குப் பெல்ட்ட முன்னாடியே கழட்டிட்டேன் மேடம். தட்டு தரையத் தொட்டப்புறம்தான் கழட்டணும். மழை தூற ஆரம்பிச்சுது. அதோட..." குரல் இறங்கியது. "ரேடியோல மேட்ச்சு. ரெண்டாவது பாதி."

"யாரு ஜெயிச்சா?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"தோத்துட்டோம்பா."

நீதிபதி அங்கேயே, தெருவிலேயே, சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"கொக்கி ஒழுங்கா இருந்தா கார் போயிருக்காது. பெல்ட் இருந்தாலும் போயிருக்காது. ரெண்டும் சேர்ந்துதான் கடைக்குள்ள போயிருக்கு. அதனால பெலர்மீனோவுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி. முழுசையும் யார்கிட்ட வேணும்னாலும் அவர் கேக்கலாம். உங்களுக்குள்ள பங்கு பிரிச்சுக்கிறது உங்க பாடு."

"மேடம், நாங்க விவாகரத்து ஆனவங்க," என்றான் லின்டொமார் பதறிப்போய்.

"ஆகியிருக்கட்டும். இதுல சேர்ந்துதான் இருக்கீங்க."

தெருவே சிரித்தது. ஜன்னல் தலையணைகள் குலுங்கின. ஜுரேமாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். முதல் ஓட்டுநர் எடுத்ததும், "எங்க இருக்க? சமதரை பாத்து ஓரங்கட்டு. நான் வர்ற வரைக்கும் எதையும் எறக்காத. ஆமா, நானேதான் வர்றேன். எதுக்கா? என் தப்பு, அதுக்கு," என்றாள். அதே வார்த்தைகளை அடுத்தவரிடமும், அதற்கடுத்தவரிடமும். மூன்றாவது அழைப்பில் நாக்கு பழகிவிட்டது.

பெலர்மீனோ சமரசத்துக்கு உடனே ஒத்துக்கொண்டார். கதவு, ஒன்பது பெட்டி, ஒரு நாற்காலி. பாதி அவள், பாதி அவன். ஏழாம் பிரிவை வைத்து அவனிடமிருந்து இன்னும் கொஞ்சம் பிடுங்கலாம் என்று ஒத்தாவியோ ஆசைகாட்டினார். ஜுரேமா வேண்டாம் என்றுவிட்டாள். சம்சாரத்துக்கு நாற்காலியை மட்டும் தானே பட்டறையில் செய்து அனுப்புவதாகச் சொன்னாள். "இரும்புலயா?" என்று அந்த அம்மா கவலையோடு கேட்டார். மரத்தில் என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. மதியம் எல்லோருக்கும் பெலர்மீனோ வீட்டில் வெண்டைக்காய் போட்ட கோழிக்குழம்பு. ஒத்தாவியோ இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வழக்கு தோற்ற துக்கத்தோடு பஸ் ஏறினார்.

நாரைகளைத் தேடிப் போக ஜுரேமாவிடம் வண்டி இல்லை. லின்டொமாரிடம் லாரி இருந்தது.

"இதுல எனக்கும் பொறுப்பு இருக்குன்னு ஜட்ஜம்மாதான் சொல்லிட்டாங்களே," என்று அவன் கதவைத் திறந்துவிட்டான். "ஏறு. ஆனா பாட்டு நான்தான் போடுவேன்."

"பாட்டு வேணாம். மேட்ச்சும் வேணாம்."

பட்டறையிலிருந்து வந்த ஒரு பெட்டி ஸ்பிரிங்குகளோடு அவர்கள் கிளம்பினார்கள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவன் சாலையிலும் அவள் பட்டறையிலும் இருந்ததால், இருவரும் ஒரே வண்டியில் இவ்வளவு தூரம் போனது இதுதான் முதல் தடவை. மினாஸ் மாநிலத்தில் இரண்டு, அடுத்த கோயாஸ் மாநிலத்தில் மூன்று என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனார்கள். நேரமாகிறது, சரக்கு காத்திருக்கிறது என்று முரண்டுபிடிக்கும் ஓட்டுநர்களுக்கு லின்டொமார் சவப்பெட்டிக் கடைக் கதையைச் சொல்லுவான். சொல்லச் சொல்லப் பெட்டிகள் பெருகின. பாயியாவுக்குள் நுழைந்தபோது இருபதைத் தாண்டிவிட்டன.

"ஒன்பது," என்று ஜுரேமா லாரிக்கு அடியிலிருந்து திருத்துவாள்.

"ஒன்பதுன்னா எவன் பயப்படுவான்?"

பாயியாவில் ஒரு பெட்ரோல் பங்க் வெயிலில் அவள் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தபோது லின்டொமார் பக்கத்தில் குந்திக்கொண்டு உற்றுப் பார்த்தான்.

"இந்த ஸ்பிரிங் விரலக் கடிக்குதுன்னு உன்கிட்ட முதல்ல கத்துனது நான்தான், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கோர்ட்டுல சொல்லலாமான்னு நெனச்சேன். போனாப் போகுதுன்னு விட்டேன்."

"அத எடுக்கச் சொல்லி நான் கேக்கல, ஜுரே. கடிக்குதுன்னுதான் சொன்னேன். மேல ஒரு தகடு வச்சு மூடிட்டா என்ன? விரல் உள்ள போகாது, ஸ்பிரிங்கும் இருக்கும்."

ஜுரேமா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியைப் பார்த்தாள். கையளவு தகடு. இரண்டு போல்ட். அவ்வளவுதான்.

"இத அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"நீ எங்க பேச விட்ட?"

"நீ எங்க வீட்ல இருந்த?"

இரண்டு பேரும் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தார்கள். அதற்குள் பங்க்காரன் இளநீர் வேண்டுமா என்று கேட்டான். வாங்கிக்கொண்டார்கள்.

தகடு வெட்ட அங்கே வசதியில்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு வெல்டிங் கடை இருப்பதாக அந்த நாரையின் ஓட்டுநர் சொன்னார். லின்டொமார் சாவியை எடுத்தான். ஜுரேமா அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவில் ஏறினாள்.

"ஏய், என் லாரி அது!"

"தெரியும். பெல்ட்ட போட்டுட்டு உக்காரு," என்றாள் அவள், வண்டியைக் கிளப்பியபடி.